பரத்பூர்ப் பறவைகளும் ரிக்‌ஷாக்காரரின் அடுப்பும்

தில்லியில் குளிர்கால விடுமுறை வந்துவிட்டால், குழந்தைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு நம் வீடுகளில் தொடங்கிவிடும். ஆக்ராவும் ஜெய்ப்பூரும் ஹரித்வாரும் நம்மில் பலர் பார்த்து முடித்த இடங்கள். ஆனால் ஆக்ராவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தைப் பலரும் விட்டுவிடுகிறோம்.

நிஜாமுதீனிலிருந்து மதுரா வழியாகக் கோட்டா செல்லும் பாதையில், சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பரத்பூர். கேவலாதேவ் தேசியப் பூங்கா என்பது சரணாலயத்தின் இன்றைய பெயர். பரப்பளவு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். ஆனாலும் இங்கே 350-க்கும் அதிகமான பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. அஜான் அணையின் நீரைத் திருப்பிவிட்டு மன்னர்கள் வாத்து வேட்டைக்காக வளர்த்த சதுப்பு நிலம் இது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்தக் கணக்கைப் பொறித்த கல்வெட்டைப் பூங்காவுக்குள் காணலாம். 1985-இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இங்கே நம்மை வியக்க வைப்பவர்கள் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள். வனத்துறை அனுமதி பெற்ற இவர்கள், பறவைகளை அடையாளம் காணப் பயின்றவர்கள். அதிகம் படித்தவர்கள் அல்லர். ஆயினும் மரத்தின் மேல் அசையும் ஒரு நிழலைக் கண்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். எத்தனையோ பேருக்கு முதன்முதலில் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்கள் இவர்கள் என்றால் மிகையாகாது.

ஆனால் ஊராரைச் சேர்த்துக்கொள்ளும் அறிவு அங்கே எளிதில் வந்துவிடவில்லை. 1982-இல் இது தேசியப் பூங்காவானபோது, தலைமுறைகளாக எருமைகளை மேய்த்து வந்த சுற்றுக் கிராமத்தாருக்குத் திடீரென்று தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு மூண்டது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பிறகு நடந்தது இன்னும் வேதனையானது. எருமைகள் மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. பறவைகளுக்கு இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வே இதை எடுத்துக் காட்டியது. மேய்ப்பவருக்கும் நஷ்டம், பறவைக்கும் நஷ்டம்.

பின்னாளில் போக்கு மாறியது. நம் ஊரில் கண்மாய்களைப் பாழாக்கிய அதே சீமைக் கருவேலம் இங்கும் பரவியபோது, கிராமக் குழுக்களே அதை வெட்டி அகற்றின. விறகு அவர்களுக்கே சேர்ந்தது. காடு சுத்தமாயிற்று, வீட்டில் அடுப்பும் எரிந்தது.

அடுப்பு எரிய இன்னொன்றும் வேண்டும், அது தண்ணீர். கம்பீர் நதியின் மேலே பாஞ்சனா அணை எழுந்த பின் வரத்து குறைந்தது. 2004-இல் நீர் பற்றாமல் பெரும் சர்ச்சை எழுந்தது. மேலே உள்ள விவசாயிகளுக்கும் அந்த நீர் வாழ்வாதாரம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நீர் இல்லையேல் பறவை இல்லை. பறவை இல்லையேல் பயணி இல்லை. பயணி இல்லையேல் ரிக்‌ஷா ஓடாது. பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பலிலிருந்தும் நீர் கொண்டுவர ஏற்பாடாயிற்று. இடையில் ஓர் இழப்பு நிகழ்ந்துவிட்டது. 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு சைபீரியக் கொக்கு இங்கே வரவேயில்லை.

இந்தப் பாடத்தை நம் செங்கல்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் மக்கள் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமானது, விளைச்சலுக்குப் பயன்பட்டது. ஆகவே சுட வந்தவர்களை அவர்கள் தடுத்தார்கள். 1798-இல் கலெக்டரிடம் முறையிட்டு உரிமையும் பெற்றார்கள். பறவையால் பலன் கண்ட ஊரார், பறவைக்குக் காவலும் ஆனார்கள்.

ரயில்வேயில் தண்டவாளத்தைக் காத்தது ஆபீசில் இருந்த எங்களைப் போன்றோரின் வரைபடம் மட்டும் அல்ல. தினமும் அதன் மேல் நடந்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்கிய கீமேன்தான். காட்டுக்கும் அப்படித்தான். தினமும் அதனருகே வாழ்பவனுக்கு அதனால் பிழைப்பு இருந்தால், காவலுக்குத் தனி ஆள் தேட வேண்டியதில்லை.

எனவே இந்தக் குளிர்காலத்தில் பரத்பூர் சென்றால், சாப்பாட்டு மூட்டையோடு போய் அவசரமாகத் திரும்பிவிடாதீர்கள். வாயிலில் எழுதியிருக்கும் கட்டணத்தைப் பார்த்து, பேரம் பேசாமல் ஒரு ரிக்‌ஷாவை அமர்த்திக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கடையில் ஒரு தேநீர் அருந்துங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். குழந்தைகள் பறவைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நாம் கொடுக்கும் அந்தச் சில நூறு ரூபாய், அடுத்த ஆண்டும் அங்கே பறவைகள் இருப்பதற்கு நாம் கட்டும் முன்பணம்.