தரகர் கூட்டிப் போன பிள்ளை குற்றவாளி அல்ல

மண் சரிந்து வீடும் தோட்டமும் போன பின்னர் ஒரு குடும்பத்தைத் தேடி வருபவர்களில் தரகரும் ஒருவர். நிவாரணப் பொதி முடியும் நேரம் பார்த்து அவர் வருவார். "கொழும்பிலே நல்ல வீடு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான். மாதாமாதம் காசு வரும், படிக்கவும் வைப்பார்கள்" என்பார். பெரும்பாலும் அவர் அந்நியரல்ல. பக்கத்துத் தோட்டத்துக்காரராகவோ தூரத்து உறவினராகவோ இருப்பார். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தது. இவ்வாறு குடியிருந்த இடத்தையும் பயிரிட்ட நிலத்தையும் ஒரே இரவில் இழந்து நிற்கும் வேளையில்தான் தரகரின் பேச்சு காதுக்கு இனிக்கும்.

அப்படிப் போன பிள்ளை பின்னர் பொலிசிலோ நீதிமன்றத்திலோ வந்து நிற்க நேரிட்டால் என்ன செய்வது? இக்கட்டுரையில் நாம் விளக்க விரும்புவது இதையே. ஒன்றை முதலில் மனதில் பதித்துக்கொள்வோம். அப்பிள்ளை குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். ஆனால் அதை நீதவானிடம் எடுத்துச் சொல்ல யாராவது வந்து நிற்க வேண்டும். யாரும் வராவிட்டால் சட்டம் பிள்ளையின் பக்கம் இருந்தும் பயனில்லை.

மலைநாடு மறக்கக் கூடாதவை

2009 ஆகஸ்ட் மாதம், கொழும்பில் வீட்டு வேலை செய்துவந்த மஸ்கெலியாப் பகுதிச் சிறுமிகள் இருவர் கால்வாய் ஒன்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டனர். 2021 ஜூலை 3ஆம் திகதி, டயகம தோட்டத்தைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, தான் வேலை செய்த கொழும்பு வீட்டிலிருந்து கடும் தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். ஜூலை 15ஆம் திகதி இறந்தார். அது அரசியல்வாதி ஒருவரின் வீடு என்பதால் நாடே பேசியது. தோட்டங்களில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து இரண்டாவது முறையும் பிரேத பரிசோதனை செய்யப்பட்டது. வீட்டார் சிலரோடு அவரை வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரும் கைது செய்யப்பட்டார்.

உயிர் போன பிறகுதான் தரகரின் பெயர் வெளியே வந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் காரியத்தில் நாம் அவ்வளவு காலம் காத்திருக்கலாமா?

ஆட்கடத்தல் என்றால் என்ன?

"கடத்தல்" என்றதும் இரவில் வானில் தூக்கிக்கொண்டு போவதைத்தான் பலர் நினைக்கிறார்கள். "நாமாகத்தானே அனுப்பினோம், பிள்ளையும் விரும்பித்தானே போனாள்" என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 360இ பிரிவு, 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டவாறு, வேறு விதமாகச் சொல்கிறது. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கட்டாய வேலைக்காகவோ, அடிமை போல் நடத்துவதற்காகவோ, பாலியல் சுரண்டலுக்காகவோ சேர்த்துக்கொள்வதும், கூட்டிப்போவதும், வைத்திருப்பதும் ஆட்கடத்தலே. பிள்ளை சம்மதித்ததா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. இக்குற்றத்துக்கு 3 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்துவது 2021இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி தனியாக ஒரு குற்றம்.

முன்பணத்தின் கதையும் இதுதான். எமது பாட்டன்மார் காலத்தில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. துண்டில் எழுதிய கடனைத் தீர்க்காமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. "கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தந்தால் பிள்ளையை அனுப்புகிறேன்" என்று இன்று ஒருவர் சொல்வாரானால், அது அந்தத் துண்டின் மறுபிறப்பே. கடனுக்காக ஒருவரை வேலையில் கட்டி வைப்பதும் இன்றைய சட்டத்தில் குற்றமாகும்.

பிள்ளை நீதிமன்றம் வரும் வழிகள்

சில பிள்ளைகள் முறைப்பாட்டின் பேரில் மீட்கப்பட்டு வருகிறார்கள். இன்னும் சிலர் அடி தாங்காமல் ஓடிவந்து, பஸ் நிலையத்திலோ வீதியிலோ பொலிசாரிடம் அகப்படுகிறார்கள். அதற்குள் வீட்டுக்காரர் "நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள்" என்று முறைப்பாடு செய்துவிட்டால் காரியம் தலைகீழாகிவிடும். பாதிக்கப்பட்ட பிள்ளை சந்தேக நபராக நிற்க நேரிடும்.

இங்கேதான் பெற்றோரின் வேலை தொடங்குகிறது. பிள்ளையை யார், எப்போது, என்ன சொல்லிக் கூட்டிப்போனார், எவ்வளவு காசு கைமாறியது என்பதை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போதுதான் திருட்டு முறைப்பாட்டுக்குப் பின்னால் உள்ள உண்மை தெரியவரும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு வசதியற்றோருக்கு இலவசமாக உதவுகிறது.

அடுத்தது வயது. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்த எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவராயின் விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் பார்ப்பார். 18க்குக் குறைந்தவர் என்று காட்டினால்தான் ஆட்கடத்தல் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் கிடைக்கும். தரகர்கள் வயதைக் கூட்டிச் சொல்வது இதனாலேயே. எனவே பிறப்புச் சான்றிதழ் மிக முக்கியம். மண்சரிவில் பத்திரங்கள் போயிருந்தால், பிறப்பைப் பதிந்த பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். அதுவரை பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, சுகாதார அட்டை ஆகியவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

சிறுவர் வழக்கு எப்படி நடக்கும்?

சிறுவருக்கெனத் தனி நீதிமன்றம் நாட்டில் வெகு சில இடங்களிலேயே உண்டு. மற்ற இடங்களில் நீதவானே சிறுவர் நீதிமன்றமாக அமர்கிறார். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வழக்குகள் வேறு அறையிலோ வேறு நேரத்திலோ நடக்க வேண்டும். வளர்ந்த கைதிகளோடு பிள்ளையை வைத்திருக்கக் கூடாது.

"பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளை" என்று நீதவான் கண்டால், அவர் முன் பல வழிகள் உள்ளன. பெற்றோரிடமே ஒப்படைத்து, ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதாகப் பிணை எழுதச் சொல்லலாம். உறவினர் போன்ற தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம். நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். அல்லது சிறுவர் இல்லத்துக்கோ சான்றுபெற்ற பாடசாலைக்கோ அனுப்பலாம்.

இவற்றில் எது என்பதைத் தீர்மானிப்பதில் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைக்குப் பெரிய இடமுண்டு. பெற்றோர் வராத பிள்ளைக்கு அவர் எதை எழுதுவார்? இல்லத்தைத்தான் எழுத நேரிடும். அங்கே போன பிள்ளை மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் இருந்துவிட நேர்கிறது. தவறு செய்யாத பிள்ளைக்கு அதுவும் ஒரு சிறையே. ஆகவே உத்தியோகத்தரைத் தேடிப்போய்ச் சந்தியுங்கள். நீங்கள் இன்னும் தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களானால், வீடும் வசதியும் உள்ள அம்மம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிச் சென்று, "இவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் தவறாமல் போங்கள்.

வாக்குமூலம் கொடுக்கும்போது

தமிழில் வாக்குமூலம் கொடுப்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சாட்சியமாக ஏற்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கிறது. நடந்ததைப் பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லி நோகாதிருப்பதற்கான வழி இது. இதற்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பொலிசாரிடமும் சட்டத்தரணியிடமும் கேளுங்கள். காயமிருந்தால் தாமதியாமல் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும். தரகர் தரப்பு மிரட்டினால் அதையும் முறையிடலாம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் சட்டம் வந்தது. 2023இல் அது புதுப்பிக்கப்பட்டது.

"எங்களையும் உள்ளே போட்டுவிடுவார்களோ?"

பெற்றோரின் வாயை அடைப்பது இந்தப் பயமே. தெரிந்தே பிள்ளையை விற்ற பெற்றோரைச் சட்டம் தண்டிக்கலாம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி ஏமாந்த தாய் வேறு, விற்றவர் வேறு. ஏமாந்த தாய் முன்வந்து உண்மையைச் சொன்னால், அந்த வழக்கின் முதன்மைச் சாட்சி அவரே. அவர் ஒளிந்துகொண்டால் தப்பிப்பவர் தரகர்தான். நாளைக்கு அவர் அடுத்த லயத்துக்குப் போவார்.

நாம் செய்யக்கூடியது

மாதர் சங்கமோ, விவசாய சங்கமோ, முகாம் குழுவோ எதுவானாலும் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளலாம். வெளியூர் போன பிள்ளைகளின் பெயர், வயது, போன வீட்டு விலாசம், தரகரின் பெயர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இரண்டு கிழமை பிள்ளையின் குரலைக் கேட்கவில்லையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் பிள்ளையிடம் "அங்கே என்ன நடந்தது?" என்று லயமே கூடிக் கேட்க வேண்டாம். 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016 முதல் விதி இருக்கிறது. அதிபரைக் கண்டு மீண்டும் வகுப்பில் சேருங்கள். வயது தாண்டியிருந்தால் தொழிற்பயிற்சிக்கு வழி பாருங்கள். பிள்ளை இனிமேல் என்ன ஆவாள் என்பதில் நீதவானின் கட்டளைக்கு இருக்கும் அளவு பங்கு அயலவரின் நாக்குக்கும் இருக்கிறது. நிலத்தை இழந்து நிற்கும் நாம் பிள்ளைகளையும் இழக்க வேண்டியதில்லை.