கோலம் போடத் தெரிந்த மொழி

திருத்தணி மலைப் படிகள் 365 என்பார்கள், ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. டிசம்பர் 31 படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டே மேலே போகிறார்கள். ஒரு படிக்குச் செய்ததையே அடுத்த படிக்கும் செய்வது, உச்சி வந்ததும் நிறுத்துவது. கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே வரும் பெரிய பாடம் இதுதான்.

எந்த எளிய நிரல்மொழியிலும் இதை மூன்று நான்கு வரிகளில் எழுதிவிடலாம். ஓட்டினால் ‘படி 1’, ‘படி 2’ என்று 365 வரிகள் திரையில் ஓடி மறையும். அதே நிரல் எண்ணை அச்சிடாமல் கோட்டை இழுத்தால், திரையின் கீழ் மூலையிலிருந்து ஒரு படிக்கட்டு எழும்பி நிற்கும். இங்கேதான் நிரல்மொழி வடிவமைப்பவர்களின் பழைய கேள்வி வருகிறது. எளிய மொழி ஒன்றுக்குள்ளேயே படம் வரையும் கருவி, சாளரம், பொத்தான் எல்லாம் இருக்க வேண்டுமா? எழுத்தை வாங்கி எழுத்தைக் காட்டினால் போதாதா?

போதும் என்பதற்குப் பெரிய சாட்சி பேசிக் மொழி. 1964 மே 1 அன்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் அதை முதலில் ஓட்டியபோது திரையே கிடையாது. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று விடையைக் காகிதத்தில் அடித்துத் தள்ளியது. அதை வைத்தே கணிதம் படிக்காத மாணவர்களும் நிரல் எழுதினார்கள். 1984-இல் இந்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ கணினியிலோ, பேசிக்குக்குள்ளேயே கோடு இழுக்கவும் ஒலி எழுப்பவும் கட்டளைகள் இருந்தன. இரண்டு வழியிலும் பிள்ளைகள் கற்றார்கள்.

ஆனால் இந்த வாதம் முழுக்க ஆங்கில எழுத்தை வைத்து நடந்தது. தமிழுக்கு வந்தால் நிலைமை வேறு.

முத்தையா அண்ணாமலை 2009-இல் கட்டுரையாக அறிமுகப்படுத்திய ‘எழில்’, பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுதுவதற்கான மொழி. பைத்தானின் மேல் கட்டப்பட்டது. நிபந்தனையை முதலில் சொல்லி, ‘ஆனால்’ என்பதைப் பின்னால் வைக்கும் அதன் அமைப்பு, நாம் வாக்கியம் பேசும் வரிசையிலேயே போகிறது. இப்படிப்பட்ட மொழியில் ‘கொடி’ என்று ஒரு சொல்லை அச்சிட என்ன வேண்டும் என்று பாருங்கள். ‘கொ’ என்பது கணினி நினைவகத்தில் இரண்டு குறியீடுகள்: ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரையிலோ கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால் என்று மூன்று துண்டுகள் வரிசை மாறி நிற்க வேண்டும். நிரலர்கள் பழகிய கருப்புச் சாளரம் கட்டம் போட்ட நோட்டின் கணக்கில் இயங்குவது. கட்டத்துக்கு ஓர் எழுத்து, எல்லாம் ஒரே அகலம். விண்டோஸின் கருப்புச் சாளரம் பல ஆண்டுகள் தமிழைச் சரியாகக் காட்டவே இல்லை. பிள்ளையின் முதல் நிரலே உடைந்த எழுத்துகளாக வந்தால் அடுத்த நாள் அது உட்காருமா?

திருத்தணியில் இன்னொன்றும் சேரும். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் திருத்தப்பட்டு ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த வட்டாரம் இது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இங்கே உண்டு. தெலுங்கின் ஒத்தெழுத்துகள் மேலெழுத்தின் அடியில் தொங்குபவை. அந்தக் கட்டங்கள் அவற்றுக்கு இன்னும் நெருக்கடி. ஆகவே நம் மொழிகளில் எழுதும் நிரல்மொழிக்கு எழுத்தைக் காட்டுவதே ஒரு காட்சிக் கருவிதான். அதை மொழியோடு சேர்த்தே தந்தாக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

அடுத்தது படம். 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்ஸிக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ மொழியை உருவாக்கியபோது அதில் படம் இல்லை. சொற்களையும் பட்டியல்களையும் வைத்து விளையாடும் மொழியாகத்தான் அது பிறந்தது. தரையில் பேனாவோடு ஊர்ந்த ஆமை இயந்திரமும், பிறகு திரை ஆமையும் அதற்கப்புறம் வந்தவை. இன்றைக்கு லோகோ என்றால் உலகம் நினைப்பது அந்த ஆமையைத்தான். ஆமைக்குத் தெரிந்தது கொஞ்சம்: முன்னே போ, இத்தனை பாகை திரும்பு, பேனாவை எடு, வை. பிள்ளை தானே எழுந்து நடந்து பார்த்து நிரலைச் சரிசெய்யலாம்.

இந்த ஆமையை நம் வாசல்கள் எப்போதோ அறியும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலங்களை விளக்க ஓர் இலக்கணம் வெளியிட்டார்கள். ஒரு சிறு வடிவிலிருந்து தொடங்கி, ‘இந்தக் குறி இருக்கும் இடத்தில் இந்த அடுக்கை வை’ என்ற விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் கோலம் வளரும். கணினி மொழிகளின் இலக்கணத்தை ஆராயும் அதே கணிதம். எனக்கு அதைவிட வியப்பானது, கோலம் போடுபவர்கள் அதை எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்று கிஃப்ட் சிரோமணி பின்னர் கவனித்தது. முழுப் படமாக அல்ல, அசைவுகளாக வைக்கிறார்கள்: நேரே போதல், வலப்பக்கம் திரும்புதல், வளைந்து திரும்பி வருதல். ஆமைக்குக் கொடுக்கும் கட்டளைகள் அப்படியே!

நான்கு புள்ளிகளைச் சதுரமாக வைத்து, கை எடுக்காமல் போடும் ஒரு சிறு கோலத்தைப் பாருங்கள். நேரே 100 அளவு போ. வலப்பக்கமாக 20 அளவு ஆரத்தில் 270 பாகை வளை. இதை நான்கு முறை செய். அவ்வளவுதான் நிரல். ஒவ்வொரு வளைவும் ஒரு புள்ளியைச் சுற்றிவந்ததும், கோடு தான் வந்த வழியைத் தானே கடக்கும். நான்காவது சுற்றில் கோடு தொடங்கிய இடத்தில் சரியாகச் சேர்ந்துவிடும். 270-க்குப் பதில் 280 என்று போட்டுவிட்டால் சேராது, வாய் திறந்தபடி நிற்கும். ஆசிரியர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கோலம் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பிழை அந்த நொடியே தெரியும். எண்களாக ஓடும் வரிகளில் இந்த வசதி கிடையாது. எழுதுகோல் மொழிக்குள் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். எழிலிலும் ஆமை உண்டு, பைத்தானின் ஆமையைத் தமிழ்ப் பெயர்களால் அழைப்பது.

சாளரமும் பொத்தானும் வேறு கதை. கோல நிரல் மேலிருந்து கீழாக, எழுதிய வரிசையில் நடக்கும். பொத்தான் வந்ததும் அந்த வரிசை போய்விடும். நிரல் காத்துக் கிடக்கும். எதை எப்போது அழுத்துவது என்று முடிவெடுப்பவர் வேறொருவர். நிரலைத் துண்டு துண்டாக்கி, ‘இது அழுத்தப்பட்டால் அந்தத் துண்டை ஓட்டு’ என்று கட்டிவைக்க வேண்டும். பத்து வரியைப் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய தாவல்.

வடிவமைப்பவருக்கோ அது தீராத பராமரிப்பு. ஜாவா மொழி 1996-இல் ஒரு சாளரக் கருவியோடு வந்தது. 1998-இல் ஸ்விங் வந்தது. பிறகு ஜாவா எஃப்எக்ஸ் சேர்ந்து, 2018-இன் பதினோராம் பதிப்பில் தனியே பிரிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் பின்னால் நின்றும் இந்த நிலை. மைக்ரோசாஃப்ட் 1991-இல் தந்த விஷுவல் பேசிக், சாளரத்தை மவுஸால் வரையவிட்டுப் பல லட்சம் பேரை நிரலராக்கியது உண்மை. ஆனால் 2002-இல் அது டாட் நெட்டுக்கு மாறியபோது பழைய நிரல்களை அப்படியே ஓட்ட வழியில்லாமல் போனது. திரையின் பாணி பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. தன்னார்வலர் சிலர் தாங்கும் ஒரு தமிழ் நிரல்மொழி அதன் பின்னால் ஓட முடியாது. வேண்டுபவர் வெளியிலிருந்து ஒரு நூலகத்தை இணைத்துக்கொள்ளட்டும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் ‘காட்சித் தொடர்பு’ பாடத்தில், கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் ஸ்க்ராட்ச் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. பைத்தானோடு ஆமையும் கூடவே வருகிறது. உபுண்டு வகை லினக்ஸில் மட்டும் அதற்கான டிகே தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். ஆசிரியர்கள் அதை முதலிலேயே செய்துவைத்தால் முதல் வகுப்பிலேயே கோலம் போடலாம். அடுத்து ஒரு தமிழ் நிரல்மொழி செய்யப்போகிறவர் யாராக இருந்தாலும், எழுத்தைச் சிதையாமல் காட்டும் ஒரு சாளரத்தையும், போ, திரும்பு, வளை என்ற மூன்று கட்டளைகளையும் மொழிக்குள் வைக்கட்டும். நான்காவதாக ஒன்றையும் கேட்பேன்: புள்ளி வை.