கேட்காமல் விட்ட கேள்வி

ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மூத்த அண்ணர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, உங்கட பேரெல்லாம் மறக்க முந்தி நான் போயிடவேணும்." அவருக்கு 61 வயது. டிமென்சியா என்று டொக்டர் சொல்லி இரண்டு கிழமைதான். "விசர்க்கதை கதையாதேங்கோ" என்றுவிட்டு நான் தேத்தண்ணி போட எழுந்துவிட்டேன். எம்மவர் பலரும் இதையே செய்திருப்பர். அது பிழை.

மறதி முற்றிய பின்னரே ஆபத்து என்று நினைக்கிறோம். நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர் 2001–2019 காலத்து இங்கிலாந்துப் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு வேறு. நோயாளர் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகமில்லை. ஆனால் 65 வயதுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களில், முதல் மூன்று மாதங்களில், அது ஆறு மடங்குக்கும் மேல். வரப்போவதை விளங்கிக்கொள்ளும் அறிவும் பிறருக்குப் பாரமாவோம் என்ற பயமும் அப்போது ஒன்றாக இருக்கின்றன என்பதே என் விளக்கம்.

செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, நேராகக் கேட்பது: "சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களோ?" கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை.

இரண்டாவது, டொக்டரிடம் போகையில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காமை. தன் சாவை மகனின் வாயால் சொல்விக்க எந்தத் தகப்பன் விரும்புவார்? என்.எச்.எஸ். இலவசமாக மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும்; கேட்டுப் பெறவேண்டும். மனச்சோர்வு இருந்தால் அதற்கும் உதவி உண்டு.

மூன்றாவது, கைக்கெட்டும் ஆபத்தை அகற்றுதல். இலங்கையில் 1995 முதல் கடும் நச்சுக் கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் தற்கொலை வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் குளிசைகளை ஒருவர் பொறுப்பில் பூட்டி வைப்பதும் இதே நியாயந்தான்.

உயிராபத்து உடனடியானால் 999. மனநெருக்கடிக்கு 111ஐ அழைத்து 2ஐ அழுத்தலாம். சமரிட்டன்ஸ் இலக்கம் 116 123; இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

மூன்று நாள் கழித்து அண்ணரிடம் கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தார். "சாகிற ஆசை இல்லையடா. தனியப் பயந்துகொண்டிருக்க ஏலாமல் கிடக்கு" என்றார். அன்றிரவு அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த கிழமை மொழிபெயர்ப்பாளரோடு டொக்டரிடம் போனோம். மானம் போகும் என்று நாம் மூடிவைக்கும் கதைகளில் இதையாவது இனித் திறந்து கதைப்போமா?