ஒற்றைக் காலும் ஒட்டும் கோழையும்

நாம் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலைத் தூக்கி வைக்கிறோம். நத்தைக்கு இருப்பதோ ஒற்றைக் கால். அதுவும் கோழையால் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒட்டினால் நகர முடியாது. வழுக்கினால் சுவரில் நிற்க முடியாது. பிறகு எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது?

வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வாழைப்பழ நத்தை என்றொரு உயிர் உண்டு. ஓடு கிடையாது, மஞ்சள் உடம்பு, ஒரு சாண் நீளம்கூட வளரும். இதை ஆராய்ந்த மார்க் டென்னி 1980இல் விடை சொன்னார். காலடியில் பரவும் கோழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குதான் கனம். பெரும்பகுதி தண்ணீர். ஆனாலும் மெல்ல அழுத்தினால் கெட்டிப்பொருள் போல நின்று தாங்கும். அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் சட்டென்று இளகி ஓடும். அழுத்தம் நின்றதும் மறுபடி இறுகிவிடும்.

நத்தையைக் கண்ணாடியில் ஏறவிட்டு மறுபக்கத்திலிருந்து பாருங்கள். வாலிலிருந்து தலையை நோக்கிப் பட்டை பட்டையாக அலைகள் ஓடும். அலை ஓடும் இடத்தில் பாதம் முன்னேறுகிறது, அங்கே கோழை இளகியிருக்கும். அலைகளுக்கு நடுவே பாதம் ஊன்றியிருக்கிறது, அங்கே கோழை இறுகியிருக்கும். ஒரே கால், ஒரே நேரத்தில் ஊன்றவும் செய்கிறது, எட்டு வைக்கவும் செய்கிறது! இயற்கையில் இதைவிட நேர்த்தியான ஒரு பசையை நான் அறிந்ததில்லை.

இதற்கு நத்தை கொடுக்கும் விலை பெரிது. அதே எடையுள்ள விலங்கு ஓடுவதற்குச் செலவிடும் சக்தியைப் போல ஏறத்தாழ 12 மடங்கு இதற்கு ஆகிறது. அதில் பெரும்பங்கு கோழை சுரப்பதற்கே போகிறது. கடலோரப் பாறை நத்தைகள் சில, முன்னே போன நத்தையின் தடத்திலேயே ஊர்ந்து, குறைவான கோழையோடு சமாளித்துக்கொள்கின்றன.

வறட்சி வந்தால் அதே கோழைதான் கதவும் ஆகிறது. ஓடுள்ள நத்தை உள்ளே சுருங்கி, ஓட்டின் வாயில் கோழைப்படலத்தைப் பரப்பிக் காயவிடும். உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. எகிப்தின் பாலைவன நத்தை ஒன்றை, செத்த ஓடு என்று நினைத்து, 1846இல் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டிவைத்தார்கள். 1850இல் அந்த அட்டையில் கோழைக் கறையைக் கண்டு ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. பிய்த்தெடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார்கள். சிறிது நேரத்தில் நத்தை தலையை நீட்டியது.