ஒரே பெயரில் இரு நோயாளிகள்: மருத்துவப் பதிவில் நாம் பேண வேண்டிய கவனம்

 

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி என நம் பகுதியின் எந்த மஹல்லாவில் நின்று "முஹம்மது இஸ்மாயில்" என்று கூப்பிட்டாலும் நாலைந்து பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தெருவில் இது சிரிப்போடு போய்விடும். மருத்துவமனைக் கணினியில் அப்படி அல்ல.

அங்கே இரண்டு விதமான தவறுகள் நேரலாம். ஒன்று, இருவரின் விவரங்கள் ஒருவரின் பதிவாகக் கலந்துவிடுவது. பென்சிலின் ஒவ்வாதவருக்கு, அது ஒத்துக்கொள்ளும் இன்னொருவரின் பதிவைப் பார்த்து ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. மற்றொன்று, ஒருவரே இருவராகப் பிரிந்துவிடுவது. கம்பத்தில் பார்த்த சர்க்கரை நோய் விவரம், கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது வேறு எழுத்தில் பதிவான பெயரால் தெரியாமல் போகும்.

இந்த இரு தவறுகளும் ஹதீஸ் கலை அறிஞர்களுக்குப் பழக்கமானவை. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) வஃபாத்தான கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள், ஒரே பெயருள்ள வெவ்வேறு அறிவிப்பாளர்களைப் பிரித்துக்காட்டத் தனி நூல் எழுதினார்கள். ஒருவரை இருவராகவும், இருவரை ஒருவராகவும் எண்ணிய பிழைகளைத் திருத்த இன்னொரு நூலும் எழுதினார்கள். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் ஆறு பேரை எண்ணிக் காட்டுகிறார்கள். பெயரை மட்டும் நம்பாமல் தந்தை பெயர், ஊர், காலம், ஆசிரியர் என்று ஒப்பிட்டே அவர்கள் ஆளை உறுதி செய்தார்கள்.

நம் பெயர்களில் குழப்பம் எங்கே வருகிறது? முஹம்மது, செய்யது, ஃபாத்திமா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ராவுத்தர் என்பது ஒரு அட்டையில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெண்களுக்கு நிக்காஹ்வுக்கு முன் அத்தாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல். வயதை மட்டும் சொல்லி ஆதார் எடுத்த பெரியவர்கள் பலருக்குப் பிறந்தநாள் ஜனவரி 1. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கைபேசி எண் என்றால், எண்ணைத் தட்டியதும் குடும்பமே திரையில் வந்து நிற்கும்.

2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க 'ஆபா' எண் தரப்படுகிறது. இது கட்டாயமல்ல; நம் சம்மதம் இருந்தால்தான் பதிவுகள் பகிரப்படும். ஆதார் வழியாக இதை எடுக்கும்போது பெயரும் பிறந்த தேதியும் அங்கிருந்தே வருகின்றன. அங்கே பிழை இருந்தால் அதுவும் கூடவே வரும். ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் பொதுவாகத் திருத்த முடியும். எனவே யோசித்துத் திருத்துங்கள்.

நாம் செய்ய வேண்டியவை:

• குழந்தைக்குப் பெயர் வைத்ததும் அதன் ஆங்கில எழுத்தை முடிவு செய்து, பிறப்புப் பதிவிலும் மற்ற எல்லா அட்டைகளிலும் அதையே எழுதுங்கள். பிறப்பைப் பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை.

• வளர்ப்புப் பிள்ளைகளையும் சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது அல்அஹ்ஸாப் 5ஆவது வசனம். திருமணத்துக்குப் பின் பெண் தன் தந்தையின் இனிஷியலை மாற்ற வேண்டிய மார்க்கக் கட்டாயம் இல்லை.

• ஓ.பி. சீட்டு வாங்கும்போது பெயரோடு தந்தை பெயர், வயது, தெரு ஆகியவற்றையும் சொல்லுங்கள். பழைய சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். அச்சிட்டுத் தந்ததை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

• சொந்தக்காரரின் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை பெறாதீர்கள். அது மோசடி, மார்க்கம் தடுத்தது. உங்கள் நோயும் இரத்த வகையும் அவர் பெயரில் பதிவாகி, நாளை அவருக்கே ஆபத்தாக முடியலாம்.

பிறர் நோய் விவரம் ஓர் அமானிதம். அட்டையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தவிர்ப்போம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக! நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.