மாலைதீவு வேலை: பிளேன் ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

"எங்க மகன் மாலைதீவுல இருக்கான்" என்ற பேச்சை இப்போது பல தோட்டங்களில் கேட்கிறோம். முன்பு நம் பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். பிறகு சவூதி, குவைத், கட்டார் என்று போனார்கள். இன்று ஹோட்டல் கோர்ஸ் ஒன்றைச் செய்து முடித்த பிள்ளை முதலில் நினைப்பது மாலைதீவைத்தான். பக்கத்து நாடு, கட்டுநாயக்காவில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். டொலரில் சம்பளம். பெரும்பாலான ஹோட்டல்களில் சாப்பாடும் தங்குமிடமும் சும்மா. இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் போனவர்களில் சிலர் வீட்டைத் திருத்திக் கட்டுகிறார்கள், சிலர் கடனோடு திரும்பி வருகிறார்கள். ஒரே நாட்டுக்குப் போனவர்கள் இப்படி இரண்டு விதமாக வருவது ஏன் என்று கொஞ்சம் பார்ப்போம்.

மாலைதீவு என்பது ஒரே தீவு அல்ல. கடலில் நீளமாகச் சிதறிக் கிடக்கும் ஏறக்குறைய 1,190 சின்னத் தீவுகள். அவற்றில் சுமார் 200 தீவுகளில்தான் ஊர் மக்கள் குடியிருக்கிறார்கள். 1972இல் முதலாவது உல்லாச ஹோட்டல் திறக்கப்பட்டது. அதன் பிறகு ஆள் இல்லாத தீவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல் என்று கட்டிக்கொண்டே போனார்கள். பல தீவுகளை இருபது நிமிஷத்தில் சுற்றி நடந்துவிடலாம். கரண்டுக்குச் சொந்த எஞ்சின் ஓடுகிறது. குடிக்கும் தண்ணீரைக் கடல் நீரிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கிறார்கள். வெள்ளைக்காரர் படுத்திருக்கும் மணல் கரைதான் படத்தில் வரும். வேலையாட்களின் காம்பராக்கள் பின்பக்கம், மரங்களுக்கு நடுவே இருக்கும். ஒரு அறையில் நாலு பேர், ஆறு பேர் என்று இருப்பார்கள். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியாது. வெக்கைதான் கஷ்டம். நுவரெலியாக் குளிரில் கம்பளி போர்த்திப் படுத்தவனுக்கு முதல் மாசம் உடம்பு எரியும்.

வேலை என்னவென்றால் அறை சுத்தம் செய்வது, சட்டி பானை கழுவுவது, லோன்ட்ரி, மேசைக்குச் சாப்பாடு கொண்டுபோவது, தோட்ட வேலை. விடியுமுன் எழும்பி, வெள்ளைக்காரர் வருவதற்குள் கடற்கரை மணலைக் கூட்டி வாரிச் சமன் செய்வதும் ஒரு வேலை. பிரட்டுக்களத்துக்கு நேரத்தோடு போய்ப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகளும் அறை சுத்தம், லோன்ட்ரி, மசாஜ் நிலையம் போன்ற வேலைகளுக்குப் போகிறார்கள். அனுப்புமுன் பெண்களுக்கு வேறு தங்குமிடம் உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இனிச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் ஒன்று, 'சேர்விஸ் சார்ஜ்' மற்றொன்று. விருந்தாளியின் பில்லில் 10 வீதம் சேர்த்து வாங்கி, அதை வேலையாட்களுக்குள் பங்கிடுவதே இந்த இரண்டாவது காசு. ஏஜன்சிக்காரர் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லுவார். ஆனால் கொழுந்துக்கு இருப்பது போல அங்கேயும் சீசன் உண்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஆட்கள் நிறைந்திருப்பார்கள்; சேர்விஸ் சார்ஜும் கூடும். மே மாசம் மழை தொடங்கினால் அறைகள் காலியாகும், அந்தக் காசு சுருங்கும். ஆகவே அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் வைத்துக் குடும்பக் கணக்கைப் போடுங்கள். மிச்சம் வந்தால் சந்தோஷம்.

முக்கியமான விஷயம் கடன்தான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஏஜன்சிக்கும் டிக்கட்டுக்கும் என்று 4 இலட்சம் ரூபா, மாசம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். மாச வட்டி மட்டும் 20,000 ரூபா. அடிப்படைச் சம்பளம் 300 டொலர், ஒரு டொலர் 300 ரூபா என்றால் கைக்கு 90,000. அதில் 60,000 ரூபாவை மாசா மாசம் கடனுக்கே கட்டினாலும் தீர ஒன்பது மாசம் ஆகும். வீட்டுச் செலவுக்கும் எடுத்துக்கொண்டு 30,000 மட்டும் கட்டினால் 23 மாசம்! இரண்டு வருஷக் கொன்ட்ராக்ட் என்றால், பிள்ளை வெயிலில் நின்றது முழுக்க வட்டிக்காரருக்காக. நம் பாட்டன் பூட்டன்மாரும் ஒரு தீவுக்கு வேலைக்கு வந்தவர்கள்தான். கப்பலேறுமுன்பே கங்காணியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனை எழுதிய 'துண்டோடு' தோட்டம் தோட்டமாக மாறினார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதே மாதிரிக் கடனை இப்போது நாமே தேடிப்போய் வாங்கிக்கொண்டு பிளேன் ஏறுகிறோம்.

இன்னொரு கண்ணி விசா. மாலைதீவில் இறங்கியதும் சுற்றுலாப் பயணிக்கு 30 நாள் விசா இலவசமாகக் கொடுக்கிறார்கள். "அதுல போ தம்பி, அங்க போன பொறகு வேலை விசா மாத்திக்கலாம்" என்று சொல்லும் ஆளை நம்ப வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சம்பளம் கொடுக்காவிட்டாலும் துணிந்து முறையிட முடியாது. வேலை அனுமதியும், கையெழுத்திட்ட கொன்ட்ராக்டும் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். ஏஜன்சிக்கு லைசன்ஸ் உண்டா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அடித்துக் கேட்கலாம். போகுமுன் பணியகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர்களுக்குக் காப்புறுதி உண்டு. பதியாமல் போனவருக்கு ஒன்று நடந்தால் குடும்பம் வெறுங்கையோடு அலைய வேண்டிவரும்.

மாலைதீவின் 2008ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேர வேலை. ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 30 நாள் லீவு. கொன்ட்ராக்டில் இவை இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் வராவிட்டால் தோட்டத்துப் பள்ளி மாஸ்டரிடமோ நலன்புரி அலுவலரிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இங்கே மாசா மாசம் சேருகிற ஈ.பி.எஃப். பணம் அங்கே சேராது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அது முஸ்லிம் நாடு. மதுபானமும் பன்றி இறைச்சியும் வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோகத் தடை. விமான நிலையத்தில் பெட்டியை மெஷினில் போட்டுப் பார்ப்பார்கள். பிள்ளையார் சிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். அடுத்தவர் தரும் பார்சலை எக்காரணம் கொண்டும் வாங்கக்கூடாது. போதைப்பொருள் இருந்தால் மிகக் கடுமையான தண்டனை. கோவில் கிடையாது. தைப்பொங்கல் வருவது சீசன் உச்சத்தில். அன்றைக்கு லீவு கேட்டாலும் கிடைப்பது கஷ்டம்.

தூரம் குறைவு என்பதும் பாதி உண்மைதான். தூரத்துத் தீவிலிருந்து வெளியே வர ஸ்பீட் போட் அல்லது தண்ணீரில் இறங்கும் சின்ன பிளேன் வேண்டும். அந்த பிளேன் பகலில்தான் பறக்கும். வீட்டில் சாவு விழுந்த செய்தி சாயந்தரம் கிடைத்தால், பிள்ளை விடியும்வரை கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 2020இல் கொரோனா வந்தபோது மார்ச் கடைசியிலிருந்து ஜூலை 15 வரை மாலைதீவு உல்லாசப் பயணிகளுக்குக் கதவடைத்தது. ஹோட்டல்கள் வெறிச்சோடின. இங்கே கட்டுநாயக்காவும் மூடியிருந்ததால் வேலையும் இல்லாமல், வீட்டுக்கும் வர முடியாமல் பலர் தவித்தார்கள். கடன் இல்லாதவர்கள் அந்த மாசங்களைப் பல்லைக் கடித்துத் தாண்டினார்கள்.

அனுப்பும் காசு பிள்ளையின் பேரிலேயே உள்ள பேங்க் கணக்குக்குப் போய், வீட்டுக்கு வேண்டியதை மட்டும் அங்கிருந்து எடுப்பது நல்ல ஏற்பாடு. பாஸ்போர்ட், விசா, கொன்ட்ராக்ட் மூன்றின் போட்டோ பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். "மகன் எந்தத் தீவில் இருக்கிறான்?" என்று கேட்டால் "மாலைதீவுலதான்" என்று மட்டும் சொல்லும் அம்மாமார் இருக்கிறார்கள். தீவின் பேர், ஹோட்டலின் பேர், அங்குள்ள அலுவலக போன் நம்பர், மாலேயில் உள்ள நமது உயர் ஸ்தானிகராலயத்தின் நம்பர், இந்த நான்கையும் ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.