பேய்க் குகைக்குள் ஒரு வியாபாரக் கணக்கு

கண்டியில் இருந்து கொண்டு வியாபாரம் பற்றி எழுதுபவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் கடை வாடகை, வரி, வங்கிக் கடன் பற்றியவையாகவே இருக்கும். அண்மைக் காலமாக அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது பெற்றோரின் கேள்வி. "மகன் விடிய விடிய போனில் எலும்புக்கூடுகளை வெட்டிக் கொண்டிருக்கிறான். ரீலோட் காசும் கரைகிறது. இது என்ன சாமான் என்று விளங்கவில்லை" என்றார் அக்குறணையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர். இரண்டாவது இளைஞர்களின் கேள்வி. "நானா, இந்த மாதிரி ஒரு கேமை நாங்களே செய்து வெளிநாட்டுக்கு விற்க ஏலாதா?" என்று கேட்டார் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர்.

தகப்பன் செலவைப் பற்றிக் கேட்கிறார், மாணவர் வரவைப் பற்றிக் கேட்கிறார். இரண்டுக்கும் பதில் சொல்வதற்கு முன்னர் இந்தச் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

சரக்கு என்ன?

இருண்ட குகை அல்லது நிலவறை. அதற்குள் பேய்கள், பிசாசுகள், பிணங்கள். விளையாடுபவர் அறை அறையாக இறங்கி அவற்றை வெட்டிச் சாய்த்துப் புதையல் சேர்க்க வேண்டும். செத்தால் மீண்டும் முதலாவது அறை. ஆனால் அடுத்த முறை அதே குகை இருக்காது. அறைகளின் வரிசை, எதிரிகள், புதையல் எல்லாவற்றையும் கணினியே தாயம் உருட்டியது போல் புதிதாக மாற்றி அமைத்திருக்கும்.

இதன் மூலம் 1980ஆம் ஆண்டை ஒட்டி ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த 'ரோக்' என்ற விளையாட்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கல் டொய், கிளென் விச்மன் இருவரும் தொடங்கியது அது. படமே கிடையாது, திரையில் எழுத்துகளும் குறிகளும் மட்டுந்தான். அந்தப் பெயரை வைத்தே இந்த வகைக்கு 'ரோக்லைக்' என்று பெயர் வந்தது. செத்த பின்னரும் சம்பாதித்ததில் ஒரு பங்கை அடுத்த முறைக்குக் கொண்டு செல்ல அனுமதிக்கும் இலகுவான வகையை 'ரோக்லைட்' என்கிறார்கள்.

1997 ஜனவரியில் கடைகளுக்கு வந்த 'டயப்லோ' இதற்கு இரத்தமும் நரகமும் சேர்த்தது. ஒரு தேவாலயத்தின் கீழே பதினாறு தட்டுகள், ஒவ்வொரு முறையும் மாறும் பாதைகள், அடியில் பிசாசுகளின் தலைவன். இன்று நமது பிள்ளைகள் விளையாடும் பல விளையாட்டுகளின் முப்பாட்டன் இதுதான்.

சிறிய கைகளின் பெரிய வியாபாரம்

ஒரு பெரிய வீடியோ விளையாட்டுக்கு நூற்றுக்கணக்கான ஊழியர்களும் கோடிக்கணக்கான டொலர்களும் தேவைப்படுகின்றன. அதில் காட்டப்படும் ஒவ்வொரு தெருவையும் ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். விளையாடுபவரோ முப்பது நாற்பது மணித்தியாலங்களில் அதை முடித்து விடுவார். ரோக்லைட்டில் ஐம்பது அறை வரைந்தால் போதும், கணினி அவற்றைக் கலைத்துக் கலைத்து அடுக்கும். சமையலில் பத்துச் சாமானை வைத்து நூறு கறி ஆக்குவது போன்ற வித்தை இது. ஆகவேதான் ஓரிருவர் சேர்ந்தும் இந்தச் சந்தைக்குள் நுழைய முடிகிறது.

கனடாவின் வன்கூவர் நகரில் கிறிஸ் புராசா, டைலர் சிக்மன் என்ற இருவர் 2013இல் ரெட் ஹூக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2014 பெப்ரவரியில் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் 75,000 டொலர் கேட்டார்கள். கிடைத்தது 313,337 டொலர். அதில் உருவான 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' 2016 ஜனவரியில் முழுமையாக வெளிவந்தது. இதில் வாள்வெட்டை விடப் பயங்கரமானது மனஅழுத்தம். குகைக்குள் அனுப்பப்படும் வீரர்கள் இருட்டில் பயந்து, புத்தி பேதலித்து, தமது கூட்டாளிகளையே ஏச ஆரம்பிப்பார்கள். அந்தப் புதுமைக்காகவே வாங்கியவர்கள் பலர்.

இங்கிலாந்தில் வாழும் இத்தாலியரான லூக்கா கலாந்தேயின் கதை இன்னும் ஆச்சரியமானது. 'வெம்பயர் சர்வைவர்ஸ்' என்ற அவரது விளையாட்டுக்குப் படங்களும் இசையும் வாங்க அவர் செலவழித்தது ஏறத்தாழ 1,100 பவுண். 2021 டிசம்பரில் 2.99 டொலருக்கு விற்கத் தொடங்கினார். 2023இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை அதற்கே வழங்கியது. தோற்றுப் போனவற்றில் மிகப் பெரிய நிறுவனங்களின் தயாரிப்புகளும் இருந்தன.

தாயம் யாருக்காக உருளுகிறது?

இனி ஹாஜியாரின் கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன இரண்டு விளையாட்டுகளிலும் ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் சரி. குகைக்குள் தாயம் எத்தனை முறை உருண்டாலும் மேலதிகமாக ஒரு சதமும் போகாது. பின்னர் வரும் மேலதிகப் பாகங்கள் தேவையானால் அவற்றுக்கும் குறித்த விலை உண்டு.

ஆனால் அதே தாயத்துக்குக் கட்டணம் வைத்தால் என்ன நடக்கும்? 'டயப்லோ' வரிசையிலேயே பதில் இருக்கிறது. 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில் விளையாட்டில் கிடைக்கும் வாள், கவசம் போன்றவற்றை உண்மையான காசுக்கு விற்கும் ஏலச் சந்தை ஒன்றை நிறுவனம் திறந்தது. விற்பனைகளில் தரகும் எடுத்தது. குகைக்குள் இறங்கிச் சம்பாதிப்பதை விட்டுவிட்டு மக்கள் ஏலத்தில் வாங்கத் தொடங்கினார்கள். விளையாட்டின் உயிரே போய்விட்டது. 2014 மார்ச் 18ஆம் திகதி நிறுவனமே அந்தச் சந்தையை மூடியது.

2022 ஜூனில் கைத்தொலைபேசிக்கு வந்த 'டயப்லோ இம்மோர்டல்' இறக்குவதற்கு இலவசம். உள்ளே ஒரு சிறப்புக் குகை இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் முத்திரைகளுடன் அதற்குள் நுழைந்தால் அரிய கல் கிடைக்கும் வாய்ப்புக் கூடும். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கிடைக்காவிட்டால் மறுபடியும் முத்திரை வாங்க வேண்டும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018லேயே இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டமாகக் கணித்திருந்தது. அந்த நாட்டிலும் நெதர்லாந்திலும் இந்த விளையாட்டு வெளியிடப்படவில்லை.

காசைக் கொடுத்து, என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காத்திருக்கும் வியாபாரத்துக்கு நமது மார்க்கம் வைத்திருக்கும் பெயர் வாசகர்களுக்குத் தெரியும். கள்ளு விற்கும் கடைக்குப் பிள்ளையை அனுப்பாத தகப்பன், இந்தக் கடையைப் பிள்ளையின் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

இன்னொரு தகவலையும் சொல்ல வேண்டும். லூக்கா கலாந்தே முன்னர் சூதாட்டத் துறையில் வேலை செய்தவர். அவரது விளையாட்டில் புதையல் பெட்டி திறக்கும்போது வாணவேடிக்கை போல் மின்னுவது அந்த அனுபவத்தில் வந்ததுதான். வாடிக்கையாளரைக் கட்டிப் போடும் வித்தை தெரிந்திருந்தும் பெட்டிக்குக் காசு கேட்கவில்லை. கைத்தொலைபேசிப் பதிப்பை இலவசமாகக் கொடுத்து, விரும்பினால் மாத்திரம் விளம்பரம் பார்க்கலாம் என்று வைத்தார். வாடிக்கையாளரை ஏமாற்றாமலும் இந்தத் துறையில் பிழைக்கலாம் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

இரத்தம் பற்றி

"காசை விடுங்கள், இந்த வெட்டுக்குத்து பிள்ளையின் மனதைக் கெடுக்காதா?" என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. 2018 மார்ச்சில் திகனயிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததை நேரில் கண்ட பிள்ளைகள் நமது மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நெருப்பு என்பது படக்காட்சி அல்ல.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தனது நிலைப்பாட்டை இப்படித் தெளிவுபடுத்தியது: வன்முறை விளையாட்டுகளுக்கும் சத்தம் போடுதல், தள்ளுதல் போன்ற முரட்டு நடத்தைக்கும் சிறியதொரு தொடர்பு காணப்படுகிறது. உயிருக்கு ஆபத்தான வன்முறைக்கு இவையே காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. நம் ஊரில் கடைகளுக்குத் தீ வைத்தவர்களின் கதைக்குக் காரணம் தேட வேண்டிய இடமும் விளையாட்டு அல்ல. அதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாம் என்று பொருளில்லை. ஐரோப்பாவின் பெகி அமைப்பு 2003 முதல் விளையாட்டுகளுக்கு வயது முத்திரை இடுகிறது. 2023இல் வந்த 'டயப்லோ' நான்காம் பாகத்துக்கு அது வைத்திருக்கும் முத்திரை 18. அந்த இலக்கத்தைப் பார்க்காமல் வாங்கிக் கொடுப்பது மருந்துப் போத்தலின் திகதியைப் பார்க்காமல் குடிக்கக் கொடுப்பது மாதிரி.

உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். 2011இல் எட்மண்ட் மெக்மில்லன், ஃப்ளோரியன் ஹிம்ஸல் இருவரும் ஏறத்தாழ மூன்று மாதங்களில் செய்து பெரும் வெற்றி கண்ட ஒரு ரோக்லைட்டின் பெயர் 'த பைண்டிங் ஒஃப் ஐசக்'. இப்றாஹீம் நபியவர்களின் தியாகம் பற்றி பைபிள் சொல்லும் கதையை எடுத்துத் திரித்த கற்பனை அது. 2012இல் நின்டெண்டோ நிறுவனமே மத ரீதியான உள்ளடக்கத்தைக் காட்டித் தனது கையடக்கக் கருவிக்கு அதை மறுத்தது. சில ஆண்டுகளின் பின்னர் புதிய பதிப்பை ஏற்றுக் கொண்டது. எந்தச் சரக்கைத் தன் கடைக்குள் எடுப்பது என்பது வியாபாரியின் உரிமை. வீட்டுக்குள் எடுப்பது பெற்றோரின் உரிமை.

கண்டியில் இருந்து விற்க ஏலுமா?

ஏலும். கணக்கைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். 'ஸ்டீம்' என்ற இணையச் சந்தையில் ஒரு விளையாட்டை விற்பனைக்கு வைக்கக் கட்டணம் 100 டொலர். வருமானம் 1,000 டொலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு விற்பனையிலும் ஸ்டீம் எடுப்பது 30 சதவீதம். அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் கிடைக்கும் பங்கில் அந்த நாடும் வரி பிடிக்கும். சாதாரணமாக அது 30 சதவீதம். ஆனால் இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் 2004 முதல் நடைமுறையில் உள்ள இரட்டை வரி ஒப்பந்தப்படி உரிமைக் கட்டணங்களுக்கு 10 சதவீதந்தான். பதிவு செய்யும்போது வரிப் படிவத்தைச் சரியாக நிரப்பினால் இந்தச் சலுகை கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 5 டொலர் விலையில் 1,000 பிரதிகள் விற்றன என்று வைப்போம். மொத்தம் 5,000. ஸ்டீமின் பங்கு 1,500 போக மீதி 3,500. விற்பனையில் பாதி அமெரிக்காவில் என்றால் அங்கே பிடிக்கும் வரி 175. கைக்கு வருவது 3,325 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஏறக்குறைய 10 இலட்சம். இரண்டு பேர் ஒரு வருடம் உழைத்திருந்தால் ஒருவருக்கு மாதம் 41,000 ரூபா அளவில் வரும். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தவை, வெளிநாட்டு விற்பனை வரி, வங்கிக் கழிவு இவற்றால் இன்னும் குறையும். ஆயிரம் பிரதி விற்பதும் இலேசான காரியமல்ல.

ஆகவே படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு இறங்குங்கள் என்று எந்தத் தம்பிக்கும் நான் சொல்ல மாட்டேன். மாலை நேரத்தில், சிறிதாக, முடிக்கக்கூடியதாக ஒன்றைச் செய்யுங்கள். வெளிநாட்டுக்காரன் கோட்டையையும் எலும்புக்கூட்டையும் பார்த்துச் சலித்துவிட்டான். ஹந்தானை மலையின் மூடுபனியையும் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையின் இருட்டையும் அவன் பார்த்ததில்லை. பயம் காட்ட இரத்தம் கட்டாயமில்லை என்பதை 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' வீரர்களின் நடுக்கமே காட்டுகிறது.

வருமானம் வங்கி ஊடாகவே வரட்டும். 2025 ஏப்ரல் முதல் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு இலங்கையில் உச்சமாக 15 சதவீத வரி உண்டு. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கும் உண்டு. முதல் நாளிலிருந்தே கணக்குப் புத்தகம் வைத்திருங்கள்.

முதல் எங்கே?

ரெட் ஹூக் பணம் திரட்டிய 'கிக்ஸ்டார்ட்டர்' தளத்தில் திட்டம் தொடங்க அனுமதி உள்ள நாடுகளில் இலங்கை இல்லை. வட்டிக்கு எடுத்து இந்தத் துறையில் இறங்குவது தற்கொலை. மிஞ்சுவது நம் வியாபாரிகளுக்குப் பழக்கமான வழி. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், இலாபத்தைப் பேசிக்கொண்ட விகிதத்தில் பிரிப்பார்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம், உழைத்தவருக்கு உழைப்பு. பிரான்ஸின் போர்தோ நகரில் 'டெட் செல்ஸ்' என்ற ரோக்லைட்டைச் செய்த மோஷன் ட்வின், முதலாளி இல்லாமல் ஊழியர்கள் சம சம்பளத்தில் நடத்தும் கூட்டுறவு. 2023இல் அந்த விளையாட்டின் விற்பனை 1 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. கூட்டு முயற்சிக்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறது.

முதல் போட எண்ணும் ஹாஜியார்மார் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மாதத்தில் முடியும், விளையாட்டின் உரிமை யார் பெயரில், உள்ளே காசுக்குத் தாயம் உருட்டும் பெட்டி இருக்கிறதா. மூன்றாவதற்குப் பதில் 'ஆம்' என்றால் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பெற்றோர் இன்றிரவே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளையின் போனில் உள்ளேயிருந்து பொருள் வாங்கும் வசதிக்குக் கடவுச்சொல் வையுங்கள். பிள்ளை விலை குறித்த ஒரு விளையாட்டைக் கேட்டால், வயது முத்திரையைப் பார்த்து ஒருமுறை வாங்கிக் கொடுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்க அந்த இரண்டு மணித்தியாலம் தாராளமாகப் போதும்.